மழைச் செய்தி நம் மேட்டுக்கும் வரவேண்டும்

"மத்திய மாகாணத்தில் பலத்த மழை பெய்யக்கூடும்." வானொலியில் இதைக் கேட்ட குண்டசாலை விவசாயி படுப்பதா, பிள்ளைகளைக் கிளப்புவதா? நுவரெலியாவும் மாத்தளையும் இதே மாகாணந்தான்!

கணக்கு இல்லாமல் இல்லை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழையென்றால் விழிப்பாயிருங்கள், 100 என்றால் ஆயத்தமாகுங்கள், 150 என்றால் வெளியேறுங்கள் என்கிறது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். 2025 நவம்பரில் டித்வா புயலில் வீடு, காணி இழந்த நம்மில் எத்தனை பேர் இவ்வெண்களை அதற்குமுன் கேட்டிருந்தோம்?

எச்சரிக்கை மட்டும் போதாதுதான். 2014 ஒக்டோபர் 29 அன்று மண்சரிவில் புதைந்த மீரியபெத்தைக்கு 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. போவதற்கு வேறு இடந்தான் இருக்கவில்லை. ஆயினும், இரவில் மலை இறங்கும்போது முதலில் உதவுவது செய்திதான்.

இது புதுமையுமல்ல. மகாவலித் திட்டக் குடியேற்றங்களுக்காக 1981இல் தொடங்கிய சமூக வானொலி, கிராமங்களிலேயே தங்கி மக்களின் குரலைப் பதிவுசெய்தது. 1989இல் கொத்மலையில் தனி நிலையமே எழுந்தது. அத்தகைய சிறு நிலையமொன்று நம் பக்கத்திலும் வேண்டும். திகன, தெல்தெனிய, மெனிக்கின்ன என ஊர்ப்பெயர் சொல்லி, அன்றைய மழையளவைத் தமிழிலும் சிங்களத்திலும் மாலைதோறும் அது வாசிக்கட்டும். மாகாண சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் பங்குச் சபைகள் சேர்ந்தே மனுக் கொடுக்கலாம்.

அதுவரை, பக்கம் நேரான உயரமான தகர டின்னொன்றைத் திறந்தவெளியில் வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் அடிமட்டத்தால் அளந்து, நீரைக் கொட்டிவிடுங்கள். அடைமழையில் இடையிலும் பாருங்கள். ஏழரை சென்ரிமீற்றர் ஏறினால் அயலவரையும் எழுப்புங்கள்.