அழுதா போன் கொடுப்பீங்களா பாஸ்?

செமஸ்டர் லீவுல ஊருக்குப் போயிருப்பீங்க. அக்காவும் வந்திருப்பாங்க, கூடவே 2 வயசு வாண்டும். 'கொஞ்ச நேரம் பார்த்துக்க'ன்னு உங்ககிட்ட விட்டுட்டு அக்கா சமையல்கட்டுக்குப் போவாங்க. அவ்ளோதான், ஊரையே கூட்டிடும் குட்டி. விஷயம் என்னன்னா, பிஸ்கட் உடைஞ்சு போச்சாம்! உடனே என்ன பண்ணுவீங்க? மொபைலை எடுத்து நீட்டுவீங்க. கப்சிப்!

நானும் உங்க கட்சிதான் பாஸ். போன பொங்கலுக்கு அக்கா பையன்கிட்ட மூணு நாள் இதே டெக்னிக்தான். நாலாவது நாள் வாசல்ல விழுந்து முட்டியில ரத்தம். அழுதுகிட்டே ஓடி வந்தவன் என் முகத்தைப் பார்க்கலை. நேரா என் பாக்கெட்டைத்தான் பார்த்தான். சுருக்குன்னு இருந்துச்சு.

இந்த வயசு அடம் கெட்ட குணம் இல்லை. கோபம், பயம், ஏமாற்றம் எல்லாம் முழு சைஸ்ல வந்துடும். சொல்லத்தான் வார்த்தை வராது. உணர்ச்சியைக் கட்டுப்படுத்துற மூளையின் முன்பகுதி இருபது வயசு தாண்டியும் வளர்ந்துகிட்டே இருக்கு (நமக்கே இன்னும் முடியலை!). அதனால குட்டிகள் நம்ம அமைதியைத்தான் கடன் வாங்குறாங்க.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1970-களில் ஒரு சோதனை செஞ்சார். கைக்குழந்தையோட சிரிச்சு விளையாடுற அம்மா, திடீர்னு சில நிமிஷம் முகத்துல எந்த உணர்ச்சியும் காட்டாம இருக்கணும். குழந்தை சிரிச்சுப் பார்க்கும், கையை ஆட்டும். பலிக்கலைன்னா முகத்தைத் திருப்பிக்கும், சிணுங்கும். மொபைலை நோண்டிக்கிட்டே 'ம்... ம்...' கொட்டுறோமே, அப்போ நம்ம முகம் எப்படி இருக்கும்? உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னதும் இதுதான்: 2 வயசுக்குள்ள திரையே வேண்டாம். அதுக்கப்புறம் 5 வயசுக்குள்ள ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல கூடாது.

சரி, வேற என்னதான் பண்றது?

* முதல்ல தரையில உட்காருங்க. 'பிஸ்கட் உடைஞ்சிடுச்சா? கோவமா வருதா?'ன்னு கேளுங்க. உணர்ச்சிக்கு ஒரு பேர் கிடைச்சா, நாளைக்கு அழறதுக்குப் பதிலா அதைச் சொல்லக் கத்துக்கும். 'ஷேம் ஷேம்', பூச்சாண்டி எல்லாம் வேண்டாம். விழுந்தா தரையை அடிச்சு சமாதானம் பண்றதும் வேண்டாம். வலிச்சா யாரையாவது அடிக்கலாம்னு நாமளே சொல்லித் தர்றோம்!

* கடிச்சா, கையைப் பிடிச்சு ஒரே வரி: 'கோவம் வரலாம், கடிக்கக் கூடாது.' லெக்சர் வேண்டாம்.

* பொம்மையை ஷேர் பண்ணலைன்னா 'சுயநலம்'னு முத்திரை குத்தாதீங்க. பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து, ஆனா தனித்தனியா விளையாடுறது இந்த வயசுக்கு சகஜம்னு மில்ட்ரட் பார்ட்டன் 1932-லேயே எழுதிட்டாங்க. ஒரே மாதிரி ரெண்டு பொம்மை வெச்சுப் பாருங்க, சண்டை குறையும்.

* அங்கன்வாடியிலோ ப்ளே ஸ்கூல்லயோ விட்டுட்டு வர்ற டியூட்டியா? அசந்த நேரம் பார்த்து நழுவாதீங்க. 'சாப்பிட்டு முடிச்சதும் வருவேன்'னு சொல்லி, டாட்டா காட்டிட்டுக் கிளம்புங்க. அழத்தான் செய்யும். ஆனா சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்க. நம்பிக்கைங்கற முதல் பாடமே அதுதான்.

என் மருமகன் கதைக்கு வர்றேன். அடுத்த தடவை போனப்போ மறுபடி விழுந்தான். 'வலிக்குதா?'ன்னு கேட்டேன். தலையை ஆட்டிட்டு, கழுத்தைக் கட்டிக்கிட்டு பத்து நிமிஷம் அழுதான். என் கால் மரத்துப் போச்சு. உள்ளே போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நான் எழுந்திருக்கலை. அவனும் கேட்கலை.

இந்த லீவுல நீங்களும் ட்ரை பண்ணுங்க!