ஜெராக்ஸ் நோட்ஸ் போதுமா?



"மச்சான், நீ ஏன்டா எழுதற? டாப்பர் நோட்ஸை ஜெராக்ஸ் போட்டுக்கலாம்." நம் வகுப்பில் தினமும் கேட்கும் வசனம் இது. இப்போது அந்தக் காசும் மிச்சம். போர்டை செல்போனில் படம் பிடித்தால் வேலை முடிந்தது. இது சரிதானா?

1887-ல் ஈரோட்டில் பிறந்த கணிதமேதை ராமானுஜன், பேப்பர் வாங்க வசதியில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, பெரும்பாலும் முடிவை மட்டுமே நோட்டில் எழுதினார். படிகள் அவர் மனதில் இருந்தன. 1920-ல், 32 வயதில் அவர் மறைந்தபோது அவையும் போய்விட்டன. அவற்றுக்கு நிரூபணம் தந்து அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ன்ட் வெளியிட்ட 5 தொகுதிகள் 1985-ல் தொடங்கி 1998-ல்தான் முடிந்தன. மேதையின் நோட்டுக்கே இந்தக் கதி என்றால், புரியாமல் எடுத்த ஜெராக்ஸ் நமக்கு என்ன சொல்லித் தரும்?

இன்னொருவரைப் பாருங்கள். கல்லூரி வாசலை மிதிக்காத புக் பைண்டிங் தொழிலாளி மைக்கேல் ஃபாரடே. 1812-ல் லண்டனில் விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, படம் வரைந்து, பைண்ட் செய்து டேவிக்கே அனுப்பினார். அடுத்த வருஷமே ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை! எலெக்ட்ரிக்கல் நண்பர்கள் படிக்கும் மின்காந்தத் தூண்டல், 1831-ல் அவர் கண்டுபிடித்ததுதான்.

பென்னாகரம், அரூர், பாலக்கோடு பக்கமிருந்து தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்கள் நம்மில் பலர். புரியாத இங்கிலீஷை அப்படியே காப்பியடிப்பதும் நோட்ஸ் ஆகாது. என் யோசனை இதுதான்: பக்கத்தின் இடதுபுறம் கோடு போட்டு, அங்கே "ஏன்?" என்ற கேள்வியைத் தமிழிலேயே எழுதுங்கள். உதாரணமாக, டிரான்ஸ்ஃபார்மருக்கு ஏன் கிலோவாட்டில் ரேட்டிங் இல்லை, கேவிஏவில் இருக்கிறது? காப்பர் லாஸ் கரண்டைப் பொறுத்தது, அயர்ன் லாஸ் வோல்டேஜைப் பொறுத்தது; பவர் ஃபேக்டருக்கு இதில் வேலையில்லை. இப்படி ரெண்டு வரி சொந்தமா எழுதினவன் வைவாவில் திணற மாட்டான். தேதியும் தலைப்பும் போட்டு, அன்று ராத்திரியே ஒருதடவை புரட்டி, விட்டதை நிரப்பினால் பரீட்சைக்கு முதல்நாள் தூக்கம் கெடாது.

லீவு போட்ட நாளுக்கு நண்பனின் நோட்டை வாங்குவதில் தப்பில்லை. வாங்கி, புரிந்துகொண்டு, கையால் எழுதுங்கள். நாளை ஓசூரிலோ கோவையிலோ கம்பெனி இன்டர்வியூவில், டாப்பர் வந்து நமக்காகப் பதில் சொல்லப் போவதில்லை!