போகித் தீயில் ஒயர் வேண்டாம்

போன போகிக்கு எங்கள் காட்டுப்பள்ளித் தெருவில் பழைய பாயோடு ரேடியோப் பலகையும் ஒரு கட்டு ஒயரும் தீயில் விழுந்தன. பையன்களுக்கு உள்ளே இருக்கும் செம்பின் மேல் கண். காயலான் கடையில் நல்ல விலையாச்சே! பச்சையாக எரிவதைப் பார்த்துக் குழந்தைகள் கைதட்டின. எனக்கோ தொண்டை கமறியது.

ஒயரின் மேலுறை பி.வி.சி. அது எரிந்தால் அமில வாயு வரும். ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பு வந்துவிடும். கூடவே டயாக்சின் என்ற நஞ்சு. உடம்புக் கொழுப்பில் தங்கித் தாய்ப்பாலிலும் இறங்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும். பழைய பலகைகளில் பற்றவைத்திருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காரீயம். (நாம் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம், அது வேறு.) காரீயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 'இவ்வளவு போனால் பரவாயில்லை' என்ற அளவே அதற்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

புகை போனாலும் காரீயம் சாம்பலில் இருக்கும். தவழுகிற பிள்ளை மண்ணைத் தொட்ட கையை வாயில்தானே வைக்கும்? தண்ணீர் தெளித்துத்தான் அள்ளினேன். உலர்ந்தபடி பெருக்கினால் தூசி பறக்கும். பாத்திரம் தேய்க்கச் சாம்பல் கேட்டு வந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு மட்டும் இன்னும் என்மேல் வருத்தம்.