பானை செய்யக் கத்துக்க வர்றவங்களுக்கு

போன மார்கழியில தாம்பரம் பக்கத்துல இருந்து ஒரு வேன்ல நாலஞ்சு குடும்பம் எங்க ஊருக்கு வந்தாங்க. வரப்புல நின்ன என்கிட்ட, "பானை செய்யிறவங்க வீடு எதுங்க ஐயா?"ன்னு கேட்டாங்க. நானே கூட்டிட்டுப் போனேன்.

பெரியவர் முகம் சுளிக்காம எல்லாரையும் சக்கரத்துக்கிட்ட உட்கார வெச்சார். ஆளுக்கு ஒருதரம் மண்ணைப் பிடிச்சாங்க, போட்டோ எடுத்தாங்க, பசங்க சிரிச்சாங்க. ரெண்டு மணி நேரம் போச்சு. கிளம்பும்போது 200 ரூபாயைக் கையில திணிச்சுட்டு, "சூப்பர் தாத்தா"ன்னு சொல்லிட்டு வண்டி ஏறிட்டாங்க.

வேன் போனப்புறம் அவர் என்கிட்ட சொன்னது ஒரே வார்த்தைதான்: "இன்னைக்கு வெயில் அடிச்சுதே தம்பி, சூளை அடுக்கலாம்னு இருந்தேன்."

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. வழி காட்டினது நான்தானே.

பட்டணத்துல இருக்கிற உங்களுக்கு அந்த வார்த்தையோட கனம் தெரியாம இருக்கலாம். கார்த்திகைக்கு அகல், பொங்கலுக்குப் பானை, இந்த ரெண்டும்தான் அவங்களுக்கு வருஷத்து வருமானம். ஆனா வடகிழக்குப் பருவமழை கொட்டுறதும் அதே மாசங்கள்லதான். மழையில பச்சைப் பானை காயாது, விறகு நனைஞ்சிடும், சூளை மூட்ட முடியாது. அதனால மார்கழியில ஒரு நாள் வெயில் அடிச்சா அது அவங்களுக்கு எங்க அறுவடை நாள் மாதிரி. கதிர் அறுக்கிற அன்னைக்கு யாராவது வந்து "நானும் கொஞ்சம் அறுத்துப் பாக்கட்டுமா"ன்னா நான் என்ன சொல்லுவேன்?

நீங்க வராதீங்கன்னு சொல்லலை. வரணும். பெரியவரோட மகன் கம்பெனி வேலைக்குப் போறான். எங்க தெருவுல ஒரு பையனும் அந்தச் சக்கரத்துக்கிட்ட போறதில்லை. ஆசையா கேக்கிறது உங்க வீட்டுப் பிள்ளைங்கதான். ஆனா கத்துக்கிறதுன்னா சக்கரத்தைச் சுத்திப் பாக்கிறதோட முடிஞ்சிடாது.

ஏரி மண்ணைக் கொண்டாந்து காயவெச்சு, இடிச்சு, கல்லு வேரெல்லாம் பொறுக்கி, ஊறவெச்சு, நைஸ் மணலைக் கலந்து காலால மிதிக்கணும். பாதி வேலை அங்கேயே முடிஞ்சுது. சக்கரத்துல இருந்து எடுக்கும்போது பானைக்கு அடி இருக்காது. ஓரளவு காயவிட்டு, உள்ளே ஒரு கல்லைக் கொடுத்து வெளியே மரப்பலகையால தட்டித் தட்டித்தான் அடியை மூடுவாங்க. நான் ஒருதரம் தட்டிப் பார்த்தேன், பானை ஓட்டையாகிடுச்சு. அம்பது வருஷம் மண்ணுல கிடந்த கை என் கை. அதுக்கே அது வரலை.

அந்த மண்ணு எங்கே இருந்து வருதுன்னும் கேளுங்க. சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர்னு உங்க பக்கத்துல இருக்கிறதெல்லாம் ஏரிப் பாசனத்துல பயிர் வெச்ச ஊருங்கதான். ஏரி சுருங்கினா வயலுக்குத் தண்ணியும் போச்சு, பானைக்கு மண்ணும் போச்சு. மண்பாண்டத்துக்கும் விவசாயத்துக்கும் ஏரி மண்ணைக் கட்டணம் இல்லாம எடுக்க தாசில்தாரே அனுமதி தரலாம்னு 2024ல விதியை எளிதாக்கினாங்க. நல்ல விஷயம். ஆனா எடுக்கிறதுக்கு ஏரியில மண்ணு இருக்கணுமே, கழிவுநீர் இல்ல.

கிழக்குக் கடற்கரைச் சாலையில முட்டுக்காட்டுல தட்சிணசித்ரா இருக்கு, 1996ல திறந்தது. பழைய வீடுகளை ஊர் ஊரா பிரிச்சுக் கொண்டாந்து மறுபடி கட்டி வெச்சிருக்காங்க. அங்கே டிக்கெட் வாங்கிட்டுத்தான் உள்ளே போறோம், கைவினைக்காரங்க வேலை செய்யிறதைப் பாக்கிறோம். அங்கே காசு கொடுக்க யாரும் யோசிக்கிறதில்லை. அதே வேலையை ஒருத்தர் வீட்டு வாசல்ல சொல்லித் தந்தா மட்டும் இலவசம்னு ஏன் நெனைக்கிறோம்?

"காசுன்னு வந்தா கலையோட மதிப்பு போயிடாதா?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். உங்க பிள்ளைக்குக் கீபோர்டு கிளாஸுக்கு மாசாமாசம் ஃபீஸ் கட்டுறீங்களே, சங்கீதத்தோட மதிப்பு போயிடுச்சா? 2025 ஏப்ரல்ல குன்றத்தூர்ல கலைஞர் கைவினைத் திட்டம் தொடங்கினாங்க. தொழில் பண்றவங்களுக்கு 3 லட்சம் வரைக்கும் கடன், அதுல 25 சதவீதம் மானியம், அதிகபட்சம் 50,000 ரூபாய். கடனை வாங்கிடலாம், அடைக்கணும்ல? அதுக்கு வாடிக்கை வேணும். கத்துக்க வர்ற நீங்களும் ஒரு வாடிக்கைதான்.

அதனால நான் கேக்கிறது இவ்வளவுதான். மாசி, பங்குனி, சித்திரையில வாங்க. ரெண்டு நாள் முன்னாடி சொல்லிட்டு வாங்க. ஒரு கொத்தனாருக்கு ஒரு நாளைக்கு என்ன கூலி கொடுப்பீங்களோ, அதுக்குக் குறையாம பெரியவருக்குக் கொடுங்க. வாங்குற பானைக்குப் பேரம் பேசாதீங்க. முக்கியமா, ரெண்டாம் தரமும் வாங்க. ஒரே நாள்ல வந்து போனா அது வேடிக்கைதான். திரும்பி வந்தாத்தான் படிப்பு.

அன்னைக்கு வேன்ல வந்த ஒரு பாப்பா சின்னதா ஒரு கிண்ணம் செஞ்சுது. வாய் கோணல், ஒரு பக்கம் தடிமன். பெரியவர் அதைக் கலைக்கலை. நிழல்ல காயவெச்சு, அடுத்த சூளையில பொங்கப் பானைங்களுக்கு நடுவுல வெச்சு சுட்டு எடுத்தார். இன்னும் அவர் வீட்டுத் திண்ணையிலதான் இருக்கு. "அந்தக் குழந்தை வந்தா குடுக்கணும்"னு ரெண்டு தரம் என்கிட்ட சொல்லிட்டார்.

அந்த வேன்ல வந்தவங்க யாராவது இதைப் படிச்சா, பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க. கிண்ணம் உடையாம பத்திரமா இருக்கு.