கையில் இருக்கும் வெண்ணெய்

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்பார்கள் நம் பாட்டிமார். கணிப்பொறி பயிலும் மாணவியராகிய எங்களுக்கு இப்பழமொழி மிகவும் பொருந்தும். நிரல் எழுதுகையில் ஒரு சொல் விளங்காவிட்டால் பொதுவாக என்ன நடக்கிறது? ஒருத்தி தோழியின் திரையை எட்டிப் பார்க்கிறாள். மற்றொருத்தி செயற்கை நுண்ணறிவிடம் விடை வாங்கிப் பெயர்த்து எழுதுகிறாள். கூச்சமுள்ளவளோ ஒன்றும் கேளாமல் பாடவேளை முடியும்வரை உட்கார்ந்திருக்கிறாள். நாம் தட்டச்சு செய்யும் உரைதிருத்திக்குள்ளேயே ஓர் ஆசான் காத்திருப்பதை யாரும் நினைப்பதில்லை.

இது புதுமையன்று. யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேடு 1971 நவம்பரிலேயே வெளிவந்தது. அம்மரபில் வந்த கையேட்டுப் பக்கங்கள் இன்று லினக்ஸ் கணிப்பொறிகளிலும் உள்ளன. 1991-இல் பிராம் மூலெனார் வெளியிட்ட 'விம்' உரைதிருத்தியில், கர்சரை ஒரு சொல்லின்மேல் நிறுத்திப் பெரிய எழுத்துக் 'கே'யை அழுத்தினால், அச்சொல்லுக்குரிய கையேட்டுப் பக்கம் அங்கேயே திறக்கும். 1976-இல் தோன்றிய 'ஈமாக்ஸ்' என்பதிலோ, கண்ட்ரோல் விசையுடன் 'எச்', பின்பு 'கே' அழுத்திவிட்டு, ஐயமுள்ள விசையை அழுத்தினால் போதும். அது செய்யும் வேலை இன்னதென்று விளக்கம் வரும்.

ஆனால் கேட்கவும் தெரிய வேண்டும். 'பிரிண்ட்எஃப்' என்ற பெயரில் கட்டளை ஒன்றும் உண்டு, சி மொழிச் செயற்கூறு ஒன்றும் உண்டு. வெறும் 'கே' அழுத்தினால் கையேட்டின் முதற்பகுதியிலுள்ள கட்டளையே பெரும்பாலும் வந்து நிற்கும். 3 என்று தட்டிவிட்டுக் 'கே' அழுத்தினால்தான் மூன்றாம் பகுதியிலுள்ள செயற்கூறு வரும். நமக்கு வேண்டியது எது என்று தெளிவதே பாதிப் படிப்பு அல்லவா?

இவ்வுதவிக்குப் பெரும்பாலும் இணையம் வேண்டியதில்லை. வீட்டில் இணைய வசதியில்லாத மாணவியும் பயன்படுத்தலாம். நம் கணிப்பொறியில் உள்ள பதிப்புக்கே உரியதாகையால், வேறு பதிப்பின் விளக்கத்தைப் படித்துக் குழம்ப நேராது. நூறு முறை கேட்டாலும் அது முகம் சுளிக்காது. கூச்சத்தால் வாய் திறவாத தோழியருக்கு இதைவிட ஆறுதல் வேறென்ன?

"கையேடுகள் கடினமான ஆங்கிலத்தில் சட்டப் புத்தகம் போல் இருக்கின்றனவே" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். முதன்முறை படிப்பவளுக்கு அவை மலைப்பையே தரும். அதனாலேயே அவற்றைப் படிக்கும் முறையைப் பாடமாகக் கற்பிக்க வேண்டும் என்கிறோம். அகராதி பார்க்கக் கற்றுத்தராமல் அகராதியை மட்டும் கொடுத்தால் பயன் உண்டா?

ஆகவே ஒரு வேண்டுகோள். ஆண்டின் முதல் கணிப்பொறி வகுப்பிலேயே உதவி விசையைப் பயன்படுத்தும் விதத்தை அருட்சகோதரிகளும் ஆசிரியைகளும் எங்களுக்குக் கற்பிக்க வேண்டும். ஆய்வகத்தில் ஒரு குறிப்பேடு வைத்தால், விளங்கிய சொற்களை நாங்களே எளிய தமிழில் எழுதி வைப்போம். அடுத்து வரும் தங்கையருக்கு அது உதவும். ஆசிரியையிடம் கேட்கவே கூடாது என்பது எங்கள் கருத்தன்று. முதலில் நாமே தேடிப் படித்து, அதற்குமேல் எழும் ஐயத்தை அவர்களிடம் கொண்டு செல்வோம். அப்போது நம் கேள்விகளும் வளரும், நாமும் வளர்வோம்.

– பத்தாம் வகுப்பு மாணவி