ரோஜர்னா 'சரி'ன்னு அர்த்தம் இல்லீங்க!

ப்ளேன் வர்ற சினிமா எதுவா இருந்தாலும் இந்த சீன் இருக்கும். பைலட் ஹெட்போனை மாட்டிக்கிட்டு, "ரோஜர்... ஓவர் அண்ட் அவுட்!" என்பார். நாமளும் சும்மா விட்டோமா? "கேன்டீனுக்கு வாடா" என்று போன் வந்தா "ரோஜர்!" என்று பந்தா பண்ணாதவங்க ஹாஸ்டல்ல உண்டா?

ஆனா, நிஜ பைலட் யாரும் அப்படி முடிக்க மாட்டார். 'ஓவர்' என்றால் 'நான் பேசி முடிச்சாச்சு, உங்க பதிலுக்குக் காத்திருக்கேன்'. 'அவுட்' என்றால் 'பேச்சு முடிஞ்சுது, பதில் வேண்டாம்'. இரண்டையும் சேர்த்துச் சொன்னா, "வீட்டுக்கு வாங்க, வந்துடாதீங்க" என்று சொல்ற மாதிரி!

பல நாட்டு கன்ட்ரோல் டவர்களின் பேச்சை இப்போ இன்டர்நெட்டிலேயே நேரடியாகக் கேட்கலாம். முதல் தடவை கேட்டா மீன் மார்க்கெட் ஏலம் மாதிரிதான் இருக்கும். நாலைந்து வார்த்தை பிடிபட்டா போதும், அப்புறம் விடமாட்டீங்க.

முதல்ல வர்றது விமானத்தின் அழைப்புப் பெயர். பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு 'ஸ்பீட்பேர்ட்', நம்ம இண்டிகோவுக்கு 'ஐஃப்ளை'. 'ஃப்ளைட் லெவல் 350' என்றால் சுமார் 35,000 அடி உயரம். 'ரன்வே 27' என்றால் திசைகாட்டியில் 270 டிகிரி, அதாவது மேற்கு நோக்கி ஓடும் பாதை. ரேடியோ இரைச்சலில் ஃபைவும் நைனும் ஒரே மாதிரி கேட்கும் என்பதால் 'ஃபைஃப்', 'நைனர்' என்பார்கள். எழுத்துகளுக்கு ஆல்ஃபா, பிராவோ, சார்லி. இந்திய விமானங்களின் பதிவு எண் 'வி.டி' என்று தொடங்கும். ரேடியோவில் அது 'விக்டர் டேங்கோ'.

இப்போ நம்ம ரோஜர். பழைய எழுத்து வரிசையில் 'ஆர்' என்ற எழுத்துக்கு ரோஜர் என்று பெயர். 'ரிசீவ்டு' என்பதன் முதல் எழுத்து அது. 'நீங்க சொன்னது முழுசா காதுல விழுந்துச்சு', அவ்வளவுதான். 'செய்றேன்' என்பதற்கு 'வில்கோ'. 'ஆமாம்' என்பதற்கு 'அஃபர்ம்'. 'முடியாது' என்பதற்கு 'அன்ஏபிள்'. 'மறுபடி சொல்லுங்க' என்பதற்கு 'சே அகெய்ன்'. முக்கியமான உத்தரவுகளுக்கு ரோஜர் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லணும். அதுக்குப் பேர் 'ரீட்பேக்'.

ஏன் இத்தனை கெடுபிடி? ஏன்னா, ஒவ்வொரு வார்த்தைக்குப் பின்னாலும் உயிர்கள் இருக்கு.

1977 மார்ச் 27. ஸ்பெயினின் டெனெரீஃப் தீவு. ரன்வே முழுக்க மூடுபனி. கே.எல்.எம். ஜம்போ ஒன்று புறப்படத் தயாராக நிற்கிறது. அதே ரன்வேயில் பான் ஆம் ஜம்போ ஊர்ந்து வந்துகொண்டிருக்கிறது. கே.எல்.எம்முக்கு, கிளம்பிய பிறகு எந்த வழியில் போகணும் என்ற அனுமதி மட்டும்தான் கிடைத்தது. அந்த வாக்கியத்தில் 'டேக் ஆஃப்' என்ற வார்த்தையும் இருந்தது. துணை பைலட், "நாங்க இப்போ டேக் ஆஃபில் இருக்கோம்" என்கிற மாதிரி சொன்னார். டவர் "ஓகே" என்றது. சின்ன இடைவெளி விட்டு, "காத்திருங்க, கூப்பிடறேன்" என்றது. அதே நொடியில் பான் ஆமும், "நாங்க இன்னும் ரன்வேயிலதான் இருக்கோம்" என்று சொல்ல, இரண்டு குரலும் மோதி வெறும் கீச்சுச் சத்தமாகிவிட்டது. காதில் தெளிவாக விழுந்தது அந்த 'ஓகே' மட்டும்தான்.

583 பேர் இறந்துபோனார்கள்.

அதுக்கப்புறம் விதி மாறியது. புறப்பட அனுமதி தரும்போதோ, அதை ரத்து செய்யும்போதோ மட்டும்தான் 'டேக் ஆஃப்' என்ற வார்த்தை வரணும். மற்ற நேரமெல்லாம் 'டிபார்ச்சர்'.

இன்னொன்று, 1990 ஜனவரி 25. கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த ஏவியான்கா விமானம். மோசமான வானிலையால் வானத்திலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றவைத்தார்கள். எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது. பைலட்கள் கேட்டது 'முன்னுரிமை'. தரையிறங்கும் முதல் முயற்சி தோற்றதும், 'எமர்ஜென்சி என்று சொல்லு' என்றார் கேப்டன். துணை பைலட்டோ, மற்ற விவரங்களோடு சேர்த்து, 'எரிபொருள் தீர்ந்துட்டு இருக்கு' என்று மட்டும் சொன்னார். கேப்டனிடம், சொல்லிவிட்டதாகவும் சொன்னார். ஆனா, கன்ட்ரோலர்கள் எதிர்பார்த்த அந்த ஒற்றை வார்த்தை கடைசிவரை வரவில்லை. லாங் ஐலண்டில் விமானம் விழுந்தது. 73 பேர் பலி.

அந்த ஒற்றை வார்த்தைதான் 'மேடே'. 1920களின் தொடக்கத்தில், லண்டன் குராய்டன் விமான நிலையத்தின் ரேடியோ அதிகாரி மாக்ஃபோர்டு உருவாக்கியது. அங்கிருந்து பாரிஸுக்குத்தான் அதிக விமானங்கள் என்பதால், 'எனக்கு உதவுங்கள்' என்ற அர்த்தம் வரும் பிரெஞ்சுச் சொல்லின் ஒலியை எடுத்துக்கொண்டார். மூன்று முறை சொன்னா, மற்ற எல்லா பேச்சும் வழிவிடணும். அவ்வளவு ஆபத்து இல்லை, ஆனா அவசரம் என்றால் 'பான் பான்'. எரிபொருள் ஆபத்துக்கென்றே 'மேடே ஃப்யூவல்' என்ற வாசகமும் 2012-ல் விதிகளில் சேர்ந்தது.

சரி, நம்ம ரன்வேக்கு வருவோம். "புரிஞ்சுதா?" என்று ப்ரொஃபசர் கேட்கிறார். அறுபது தலையும் ஆடுது. அதெல்லாம் ரோஜர்தாங்க... காதுல விழுந்துச்சு, அவ்வளவே! ஆயிரம் மணி நேரம் பறந்த பைலட்டே கூச்சப்படாம 'சே அகெய்ன்' கேட்கிறார். நமக்கு என்ன வெட்கம்?

இன்னொன்றும் இருக்கு. நாலு நாளா சரியா சாப்பிடாத ரூம்மேட், "ஒண்ணுமில்ல மச்சி, கொஞ்சம் டென்ஷன்" என்கிறான். அவனுக்கு 'மேடே' சொல்லத் தெரியாம இருக்கலாம். "ஓகேடா" என்று போர்வையை இழுத்துக்காதீங்க. எழுந்து உட்கார்ந்து, "மறுபடி சொல்லு" என்று கேளுங்க.

உங்களுக்கே அப்படி ஒரு நாள் வந்தா, சுத்தி வளைக்காதீங்க. நேரா சொல்லிடுங்க. மூணு தடவை!