பெயரறியாக் கொப்பு

வீட்டில் வளர்க்கும் செடிகளுட் பல விதையினின்று வந்தனவல்ல. அயலார் சாடியிற் கிள்ளிய ஒரு கொப்பு ஈரத்துணியிற் சுற்றப்பட்டு வந்து, புட்டிநீரில் வேர்விட்டு, பின்னரே மண்ணை யடைகின்றது. இவ்வாறு கைம்மாறி வருங்கால் செடி பிழைத்துக்கொள்கின்றது. பெயர் வழியிலே தொலைந்து போகின்றது. பெற்றவர் அதனைப் பத்துப் பேரிடங் காட்டி, 'இஃது என்ன செடி?' என்று வினவுகின்றார். பத்துப் பெயர்களும் உடனே கிடைக்கின்றன. இன்ன காரணத்தால் இப்பெயர் என்று சொல்வார் ஒருவரேனும் இலர். காரணங் கூறப்படாத பெயர், பெயரின்மையினுந் தாழ்ந்தது என்பது என் துணிபு.

செடி அழகாயிருந்தாற் போதாதோ, பெயரால் ஆவதென்ன என்பர் சிலர். அழகுக்கு மட்டும் வைப்பதாயின் போதும். நம் வீடுகளிலோ சாடிச்செடி பாதி மருந்தாகவும் இருக்கின்றது. ரணகள்ளியைப் பாருங்கள். சிறுநீரகக் கல் கரையும் என்று அதன் இலையை மெல்லுவோர் பலர். 'இலையிற் குட்டி முளைக்குஞ் செடி' என்பதொன்றே அவர்க்கு அடையாளம். அவ்வாறு முளைக்குஞ் செடி ஒன்றன்று. மடகாசுகர்த் தீவினின்று வந்த அதன் உறவுச் செடிகளும் அத்தன்மையன. ரணகள்ளியிலை பெரும்பாலும் உதிர்ந்து மண்ணிற் கிடக்கும்போது ஓரத்திற் குட்டிவிடும். அவையோ தண்டிலிருக்கும்போதே விளிம்பிற் குட்டிகளைத் தாங்கி நிற்கும். அவற்றின் சாற்றில் நெஞ்சத் துடிப்பைக் கெடுக்கும் நச்சுப்பொருள் உண்டு. ஆஸ்திரேலியாவில் அவற்றை மேய்ந்த மாடுகள் மாண்டதுண்டு. ரணகள்ளியும் அந்நஞ்சிற்கு முற்றும் புறம்பானதன்று. பிறகு, டீபன்பாக்கியா என்னும் புள்ளியிலைச் செடியும் வீட்டிற்குள் வந்துவிட்டது. ஊசிபோன்ற நுண்படிகங்கள் அதன் தண்டெங்கும் நிறைந்துள்ளன. கடித்தவர் நாவை வீங்கச் செய்து பேச்சையே அடக்கிவிடும். குழந்தை தவழும் வீட்டில் அதன் கொப்பை 'ஏதோ ஒரு குரோட்டன்ஸ்' என்று கொடுத்தனுப்புதல் நட்பாகாது.

இனி, கொப்பு ஒன்றைக்கொண்டு என்ன அறியலாம்? நாம் நினைப்பதினும் மிகுதியாகவே அறியலாம். கணுவுக்கு இலை ஒன்றா, எதிரெதிரே இரண்டா, சுற்றிப் பலவா என்று முதலிற் பார்த்தல் வேண்டும். தண்டை விரலால் உருட்டினால் துளசியும் புதினாவும் நாற்சதுரமென்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். கசக்கி முகர்தல் வேண்டும். நுனியைச் சிறிது வெட்டிப் பால் வருகின்றதா என்று நோக்குதல் வேண்டும். நம் தமிழ் வழக்கு சதுரக்கள்ளியையும் சப்பாத்திக்கள்ளியையும் ஒரே சொல்லாற் குறிக்கின்றது. கத்தி பட்டவுடன் முன்னது வெண்பால் சிந்தும். பின்னதில் நீரன்றிப் பாலில்லை. இரண்டும் வெவ்வேறு குடும்பத்தன. பின்னது அமெரிக்காவினின்று வந்தது. முள்ளைக் கண்டு பெயரிட்ட வழக்கை ஒரு சொட்டுப் பால் பிரித்துக் காட்டுகின்றது. (கண்ணிற் படாமல் வெட்டுக, கள்ளிப்பால் கொடியது.)

பூவைக் காணாது பெயர் கூறலாகாது என்பார் கூற்றும் ஆராயத்தக்கது. லின்னேயஸ் பூவின் உறுப்புக்களை எண்ணியே செடிகளை வகுத்தார். ஆயினும், பூவாத கொடியை என் செய்வது? மணி பிளாண்ட் என்று எங்கும் வழங்குங் கொடியின் வரலாறு இங்கே கருதத்தக்கது. பசிபிக் மாகடலிலுள்ள மூரேயாத் தீவு அதன் பிறப்பிடம். 1880-இல் அதற்குப் போத்தோஸ் என்னும் இனப்பெயரைச் சூட்டினர். பின்னர்ச் சிண்டாப்சஸ் என்னும் இனத்திற் சேர்த்தனர். 1962-இல் அரிதாகப் பூங்கதிர் ஒன்று காணப்பட்டது. அதனை ஆராய்ந்த பின் மீண்டும் இனம் மாறி, 1964-இல் எபிப்ரெம்னம் ஆரியம் என்னும் இன்றைய பெயர் அமைந்தது. பூத்தற்கு வேண்டிய ஜிப்ரெல்லின் என்னும் ஊக்கியை ஆக்கும் மரபணு அக்கொடியிற் செவ்வனே தொழிற்படாமையே பூவாமைக்குக் காரணமென்பது 2016-இல் வெளியாயிற்று. இலையும் நிலையானதன்று. சாடியில் உள்ளங்கையளவாயிருப்பது, பெருமரத்திலேறினால் முறம்போல் அகன்று விளிம்பு கிழிபட்டு நிற்கும். இரண்டையும் கண்டவர் ஒன்றென நம்பார்.

இக்கொடிக்குப் பூ வரும்வரை பொறுத்திரு என்பது பயனில் அறிவுரை. கொப்பையே கூர்ந்து நோக்குதல் வேண்டும். இதனோடு மயங்குவது நெஞ்சுருவிலைப் பிலோடெண்ட்ரன் கொடி. பிலோடெண்ட்ரனில் புதிய தளிர் மெல்லிய உறையொன்றிற் பொதிந்து வரும். மணி பிளாண்டில் அவ்வுறை இல்லை. முன்னதன் கணுவிற் சிறுவேர்கள் பல. பின்னதிற் பருத்த வேர்முண்டு ஒன்று. இவ்வளவும் நான்கு விரலளவுள்ள கொப்பிலே காணக்கிடக்கின்றன.

கைப்பேசியாற் படமெடுத்தால் நொடியிற் பெயர் வருகின்றதே என்பார்க்கு ஒரு சொல். அக்கருவி உருவத்தை உருவத்தோடு ஒப்பிடுகின்றது; முகர்வதில்லை, உருட்டுவதில்லை, வெட்டிப் பார்ப்பதில்லை. அது தருவது ஒப்புமையுடைய பெயர்களின் வரிசை. அவ்வரிசையின் முதற்பெயரை முடிந்த முடிபாகக் கொள்வது நம் சோம்பலேயன்றிக் கருவியின் குற்றமன்று. தேடுதற்குத் தொடக்கமாகக் கொள்க, நன்மையே.

தமிழ் பயில்வானுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர் கேட்கலாம். பழைய அகராதிகளில் 'ஓர்செடி', 'ஓர்பூடு' என்று மட்டும் பொருளெழுதியிருத்தலைக் கண்டு வகுப்பில் நகைப்பாருளர். யான் நகையேன். அறிந்த எல்லையில் நின்ற அவ்விரு சொற்கள், குறிஞ்சிப்பாட்டின் மலர்களுக்கெல்லாம் இக்காலப் பெயர்களைத் துணிந்து ஒட்டும் பட்டியல்களினும் நேர்மையுடையன. 1776-இல் தரங்கம்பாடிக்கு வந்த ராட்லர் பாதிரியார் தமிழ் அகராதி தொகுத்தவர்; செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டிச் சேமித்தவரும் அவரே. அவர் சேர்த்த உலர்செடிகள் இன்று இலண்டனை யடுத்த கியூ தோட்டத்தில் உள்ளன. அவர் இட்ட பெயர் தவறாயினும் செடி தாளிலிருக்கின்றது. எவரும் எடுத்துப் பார்த்துத் திருத்தலாம். பெயரோடு சான்றையும் வைத்துச்செல்வதன் பயன் இதுவே.

நம் விடுதித் தாழ்வாரத்துச் சாடிகளிலும் இம்முறையைக் கைக்கொள்ளலாம். ஒவ்வொரு சாடியிலும் ஒரு சிறு அட்டை செருகுக. எவரிடமிருந்து, எவ்வூரிலிருந்து, எந்நாள் வந்தது. கணுவிற்கு இலை எத்தனை. பால் உண்டா, மணம் உண்டா. தளிருக்கு உறையுண்டா என்பவற்றை அதில் எழுதுக. பெயருக்குரிய இடத்தை வெறிதே விடுக. பின்னர் ஒருவர் அதை நிரப்ப வந்தால், அவர் தம் காரணத்தையும் எழுதுதற்குக் கீழே இரண்டு வரி இடமிருக்கட்டும்.